அவர் பக்கத்துச் சுவிட்ச்

எங்கள் வேனில் யாராவது "டிரைவரே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஆள் வண்டி ஓட்டுகிற ஆள் இல்லை. ஓட்டுவது அக்கா. திரும்பிப் பார்ப்பது பக்கத்து சீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன். கிளட்சை மிதித்து, ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி, வண்டி நிறையப் பெண்களை மேட்டிலிருக்கும் காலுறைக் கம்பெனிக்கு ஏற்றி இறக்குகிற அக்காவுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் 'டிரைவர் வீட்டம்மா'. இந்த அநியாயத்தை முதல் நாளிலிருந்து பார்த்து வருகிறேன். பார்த்துப் பார்த்து வயிறு எரிவது எனக்குப் பழகிவிட்டது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. முதலில் ஏறுகிறவள், ஆளும் ஒல்லி என்பதால் இன்ஜின் பெட்டிமேல்தான் எனக்கு இடம். இந்த மாதிரி பழைய வேன்களில் இன்ஜின் முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். மூடிமேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் என் ஒரு முழங்கை அக்காவை இடிக்கும், இன்னொன்று மாமாவை இடிக்கும். வண்டி சூடேறினால் மீட்டர் முள்ளுக்கு முன்னால் என் தொடைக்குத் தெரிந்துவிடும். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எது கொதித்தாலும் அதுவும் எனக்குத்தான் முதலில் தெரியும்.

மாமா ஒரு காலத்தில் நல்ல டிரைவர். இல்லை என்று சொன்னால் பொய்யாகும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் நோவு என்று சொல்லிவிடுவார். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, எதிரே வரும் லாரி இரண்டாகத் தெரிய ஆரம்பித்தபோது டாக்டர் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றுவிட்டார். வண்டியை விற்றுத் தொலைத்துவிடலாம் என்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அக்கா மத்தியான வேளைகளில் போய் ஓட்டப் பழகி, லைசென்சை வாங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "யாரைக் கேட்டுப் பழகின?"

அதுதான் அவருடைய வாக்கியம். யாரைக் கேட்டு கியர் மாத்தின. யாரைக் கேட்டு ஹாரன் அடிச்ச. யாரைக் கேட்டு அந்தப் பள்ளத்துல இறக்கின. இதைச் சொல்வதற்காகவே தினமும் கூட ஏறி உட்கார்ந்தார். அக்கா கையாலும் காலாலும் ஓட்டினாள், அவர் வாயால் ஓட்டினார்.

பாதி ஏற்றத்தில், ரோடு கொஞ்சம் மூச்சு விடுகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அங்கே அவர் இறங்கியாக வேண்டும். சர்க்கரைக்காரர் உடம்பு, அதை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் "கொஞ்சம் நிறுத்தும்மா" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "ஓரங்கட்டு" என்பார். அக்கா ஓரங்கட்டுவாள். நாங்கள் எல்லோரும் எதிர்ப் பக்கம் இருக்கும் மலையைப் பார்ப்போம். அவர் பக்கத்துக் கதவில் வெளிப் பிடி உடைந்துபோய் ரொம்ப நாளாகிறது. திரும்பி வந்து தகரத்தில் தட்டுவார், அக்கா என்மேல் சாய்ந்து, கையை எட்டி உள்ளிருந்து திறந்துவிடுவாள்.

இந்த ஏற்றத்தில்தான் ஒவ்வொரு கோடையும் வண்டி கொதிக்கும். முழு பாரம், முதல் கியர், ஊர்ந்து போகிற வேகம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெல்ட் ஃபேன் அந்த வேகத்தில் இழுக்கும் காற்று ரேடியேட்டருக்குப் போதவில்லை. முன்னால் தனியாக ஒரு கரண்ட் ஃபேன் வைத்தால் வண்டி ஊர்ந்தாலும் காற்று அடிக்கும் என்று ஒயரிங்காரர் சொன்னார். அவர் மாமாவின் பழைய சிநேகிதர். மாமாவை மச்சான் என்றும் அக்காவைத் தங்கச்சி என்றும் கூப்பிடுவார்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே வேலை நடந்தது. முன் கிரில்லைக் கழற்றியதும் ரேடியேட்டரின் மடிப்புகளில் பூச்சியும் புழுதியும் அடை அடையாக இருந்தன. அக்கா பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்துக் கழுவினாள். ஒயரிங்காரர் இரும்புப் பட்டையை அளந்து வெட்டி, வளைத்து, ஃபேனை அதில் போல்ட் போட்டு நிறுத்தினார். பிளாஸ்டிக் நாடாவைக் கோத்து ரேடியேட்டரிலேயே கட்டிவிட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் வண்டி ஆடுகிற ஆட்டத்தில் அது மடிப்பை அறுத்துவிடும் என்றார். ஒயரை பேட்டரியில் தொட்டுப் பார்த்தபோது ஃபேன் தலைகீழாகச் சுற்றியது. ஒரு காகிதத் துண்டை முன்னால் பிடித்தார், அது எங்கள் முகத்தில் பறந்து வந்து அடித்தது. இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தார், காகிதம் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. "இப்பதான் சரி. காத்து இன்ஜின் பக்கம் போகணும்," என்றார்.

அதுவரைக்கும் எல்லாம் நல்லபடிதான் போனது. சுவிட்சு எங்கே என்ற பேச்சு வந்ததும் கெட்டது.

"மச்சான், சென்சார் வெச்சிடவா? தண்ணி சூடானா ஃபேன் தானாப் போட்டுக்கும். ஆறினா தானா நின்னுடும். யாரும் பாத்துக்கிட்டிருக்க வேணாம்."

"தானாப் போட்டுக்குமா? யாரைக் கேட்டுப் போட்டுக்கும்?"

"அது சூட்டைப் பாத்துப் போட்டுக்கும்."

"சூடு எனக்குத் தெரியாதா? சுவிட்சு வை. இங்க வை." அவர் தன் முழங்காலுக்கு நேரே, டேஷ்போர்டின் அந்தக் கடைசி மூலையைத் தட்டினார்.

அக்கா நனைந்த பிரஷ்ஷோடு நிமிர்ந்தாள். "ஓட்டறவங்க கைக்கு எட்டற மாதிரி வைக்கச் சொல்லுங்க."

"உனக்கு ரோட்டைப் பாக்கவே ரெண்டு கண்ணு பத்தல. நீ ரோட்டைப் பாரு. இன்ஜினை நான் பாத்துக்கறேன்."

ஒயரிங்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா மறுபடி மடிப்பைத் தேய்க்கக் குனிந்துகொண்டாள். டிரில் மெஷின் அந்த மூலையில் ஓட்டை போட்டது. நானாக இருந்தால் அந்த மெஷினைப் பிடுங்கியிருப்பேன்.

அதன்பிறகு தினமும் ஏற்றத்தில் ஒரு நாடகம். மாமா காதைத் தீட்டிக்கொள்வார். குனிவார். சுவிட்சைப் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று பின் சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். "டிரைவர் இருக்கறப்ப நமக்கென்ன கவலை," என்பாள் தையல் பிரிவிலிருக்கும் பெரியக்கா. சொன்னவளுக்கு அக்காவின் முதுகுதான் தெரியும், அந்த முகம் போன போக்கு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் கிளம்பும்போதே வெயில் சுள்ளென்றிருந்தது. ஏற்றத்துக்கு முன்னால் ஒரு செங்கல் லாரியை அக்கா முந்தினாள்.

"யாரைக் கேட்டு முந்தின?"

"இடம் இருந்துச்சு, முந்தினேன்."

"எனக்குத் தெரியாத இடமா?"

"உங்களுக்கு லாரியே ரெண்டாத் தெரியுது. இடம் எங்க தெரியப் போகுது?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. மாமா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். ஏற்றம் வந்தது. வண்டி முதல் கியரில் முனகியது. சாக்கைத் தாண்டி என் தொடை சுட ஆரம்பித்தது.

"அக்கா, சுடுது," என்றேன்.

"என்னங்க, ஃபேனைப் போடுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களைத்தான். முள்ளு மேல போகுது."

"எப்பப் போடணும்னு எனக்குத் தெரியும்."

"சிவப்புக்கிட்ட போயிடுச்சுங்க."

"முள்ளைப் பாத்து ஓட்டறவ டிரைவர் இல்ல. சத்தத்தைக் கேக்கணும்."

"சத்தமும் கேக்குது. போடுங்க."

"நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. ஓட்டு."

பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது. பாலம் வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது. நான் அவர் மடியைத் தாண்டிக் கையை நீட்டினேன். முழங்காலால் என் கையைத் தள்ளிவிட்டார். "குடியிருக்கறவ குடியிருக்கறதோட நிறுத்திக்க," என்றார். அந்த நிமிஷம் அவரைக் கதவோடு சேர்த்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

பாலம் கண்ணுக்குத் தெரிந்தபோது முன்னால் டப்பென்றது. கண்ணாடி முழுக்க ஆவி. அக்கா தலையை வெளியே நீட்டிக்கொண்டு வண்டியை ஓரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தி, சாவியைத் திருப்பினாள். அப்போதுதான் மாமா குனிந்து சுவிட்சைப் போட்டார். வெடித்துப் போன ரேடியேட்டர் ஹோஸிலிருந்து தண்ணீர் ரோட்டில் ஓட, ஃபேன் வெறும் ஆவியை விசிறிக்கொண்டிருந்தது.

"போட்டாச்சு," என்றார்.

எல்லோரும் இறங்கினோம். ஆறுவதற்குக் காத்திருந்து, ஹோஸின் கிழிந்த முனையைக் கத்தியால் வெட்டிவிட்டு, மீதியை இழுத்து மாட்டி கிளிப்பை முறுக்கியது அக்காதான். மாமாவின் கண்ணுக்கு ஸ்குரூவின் பள்ளம் தெரியாது. நின்று "இன்னும் முறுக்கு, இன்னும் முறுக்கு" என்றார். எங்கள் குடிதண்ணீர் பாட்டில்கள் எல்லாம் ரேடியேட்டருக்குள் போயின. அக்காவின் மணிக்கட்டில் சூடுபட்டுச் சிவந்து போயிருந்தது. அவள் அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"டிரைவர் வீட்டம்மா, கொஞ்சம் பாத்து ஓட்டியிருக்கக் கூடாதா?" என்றாள் பெரியக்கா.

"பாத்துதான் ஓட்டினாங்க. பாக்காம இருந்தது உங்க டிரைவரு," என்றேன். கத்தித்தான் சொன்னேன். பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி கேட் மூடியிருந்தது. எங்கள் ஊரில் பஸ் தவறினால் அடுத்த பஸ் உண்டு, அந்த கேட் தவறினால் அன்றைய நாள் அவ்வளவுதான். சூப்பர்வைசர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வண்டியிலிருந்து இறங்கிய அக்காவைத் தாண்டி மாமாவைப் பார்த்துப் பேசினார்.

"என்ன டிரைவரே இது? ஒரு லைனே ஆள் இல்லாம நிக்குது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற வண்டி வெச்சுக்கறோம். அப்புறம் வருத்தப்படாதீங்க."

மாமா சிரித்தார். ஆண்பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்கிற ஒரு சிரிப்பு உண்டே, அது. "பொம்பளை ஓட்டற வண்டி சார். என்ன பண்றது."

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். கையில் இன்ஜின் கரி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினாள். இறங்கி வரும்போது மாமா கியர் மாற்றியதற்கும் கேட்கவில்லை, ஹாரனுக்கும் கேட்கவில்லை.

எல்லோரையும் அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு வீடு வந்தோம். நான் மாடிக்குப் போகாமல் படியில் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அக்கா சோற்றை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பொம்பளை ஓட்டற வண்டின்னு சொன்னீங்க."

"சாப்பிடறப்ப எதுக்கு அது."

"சொன்னீங்களா இல்லையா?"

"அவன்கிட்ட வேற என்ன சொல்லச் சொல்ற? நான் சுவிட்சு போடலன்னா?"

"ஆமா. அதுதானே நடந்துச்சு."

"என் மரியாதை என்னாவறது?"

"என் மரியாதை?"

"உனக்கு என்னடி. நீ ஓட்டற. நாளைக்கும் ஓட்டுவ." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "எனக்கு அந்த ஒரு சுவிட்சுதான் இருக்கு."

  அக்காவின் குரல் மாறவில்லை.

"அந்த ஒரு சுவிட்சுக்காக இன்னைக்கு அத்தனை பொம்பளைங்க பொழைப்பு போச்சு. வண்டி போனா நம்ம பொழைப்பும் போகும். மாத்திரை முதற்கொண்டு அதுல இருந்துதான் வருது. சாப்பிடுங்க."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் படியில் பார்த்துவிட்டு "வர்றியா?" என்றாள். போனேன்.

ஒயரிங்காரர் கடையில் கதை முழுக்க நான்தான் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். பிறகு ஒரு சென்சாரை எடுத்து வந்தார், கட்டைவிரல் அளவு பித்தளைத் துண்டு. மாட்டுவதற்கு முன்னால் அக்கா நம்ப வேண்டும் என்று அதை டீ போடும் பாத்திரத்தில் தொங்கவிட்டு, ஒரு சின்ன பல்பை அதனோடு இணைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போனதும் பல்பு எரிந்தது. பச்சைத் தண்ணீரை ஊற்றினார், அணைந்தது. அக்கா மறுபடி ஒரு தடவை செய்து காட்டச் சொன்னாள். மறுபடியும் எரிந்து அணைந்தது.

"நல்லா இருக்கு. எதையும் கேக்கல, எதையும் சொல்லல," என்றாள்.

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அதை முறுக்கிப் பொருத்தி, ஃபேனுக்குக் கரண்டை விடும் ரிலேயிலிருந்து ஒயரை இழுத்து, ஃபியூஸ் போட்டு முடித்தார். கடைசியில் மாமா பக்கத்து மூலையில் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இந்தச் சுவிட்சு இங்கயே இருக்கட்டும். பின்னால ஒயரை மட்டும் வெட்டி விட்டுடறேன். மச்சான் போடட்டும், அணைக்கட்டும். ஃபேன் அதுபாட்டுக்கு ஓடும். அவருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆனால் அக்காவின் முகம் கம்பெனி கேட்டுக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாகச் சிவந்தது.

"அண்ணே, ஸ்டியரிங் பிடிச்ச நாள்லருந்து நான் அதைத்தான் பண்றேன். கியர் மாத்துன்னுவார். நான் ஏற்கெனவே மாத்தியிருப்பேன். சரிங்கன்னுவேன். பிரேக்கு பிரேக்குன்னுவார். கால் அங்கதான் இருக்கும். சரிங்கன்னுவேன். அவர் சொல்லித்தான் வண்டி போகுதுன்னு அவர் நெனச்சுக்கிட்டார். பாவம், நெனச்சுட்டுப் போகட்டும்னு நானும் விட்டேன். ஊர் முழுக்க நெனச்சுச்சு. அதனாலதான் இன்னைக்கு என்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வந்துச்சு. பொய்ச் சுவிட்சா நான் ஒருத்தி இத்தனை நாள் இருந்தது போதும். கழட்டுங்க."

"ஓட்டை தெரியுமே தங்கச்சி."

"தெரியட்டும்."

கழற்றிய சுவிட்சை அவள் கையில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, அவருடைய மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒளிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் மாமா வண்டியில் ஏறும்போது அது அவர் சட்டைப்பையில் இருந்தது. துணிக்கு மேலாகவே அதன் உருவம் தெரிந்தது. உட்கார்ந்ததும் அவர் பார்வை முதலில் அந்த மூலைக்குப் போனது, பிறகு ரோட்டுக்கு. பின் சீட்டில் ஒரு நாள் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏற்றம் வந்தது. என் தொடை சுட்டது. பழக்கதோஷம், அவர் கை முழங்காலுக்கு நேரே போய் அந்த ஓட்டையில் நின்றது. விரல் உள்ளே போய்ச் சும்மா வெளியே வந்தது. அதே சமயம் முன்னால் டக்கென்று ஒரு சத்தம், ஃபேன் சீறிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"யாரைக் கேட்டு..." என்றார். மீதியை விழுங்கிவிட்டார்.

முள் பாதியிலேயே நின்றது. கொஞ்ச தூரம் போனதும் ஃபேன் தானாக நின்றது. மறுபடி சுற்றியது. யாரும் எதுவும் செய்யவில்லை.

பாலம் தெரிந்தது.

"ஓரங்கட்டு."

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ஏய். ஓரங்கட்டுன்னேன்."

அக்கா ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யாரைக் கேக்கறீங்க?"

"என்னடி இது. அவசரம்."

"தெரியும். யாரைக் கேக்கறீங்கன்னுதான் கேக்கறேன்."

வேகம் குறைந்தது, ஆனால் சக்கரம் நிற்கவில்லை. பாலத்தின் முதல் கல் கடந்தது. இரண்டாவது கல் கடந்தது. அவர் இரண்டு முழங்காலையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தைவிடக் கோபம்தான் அப்போதும் அதிகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"டிரைவரைத்தான் கேக்கறேன்," என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நிறுத்து."

அக்கா நிறுத்தினாள். அவர் இறங்கிப் போனார். நாங்கள் எல்லோரும் வழக்கம்போல மலையைப் பார்த்தோம். சாவியைத் திருப்பிய பிறகும் ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வந்து தகரத்தில் தட்டினார், பழைய தட்டு இல்லை, மெதுவாக. அக்கா என்மேல் சாய்ந்து கதவைத் திறந்துவிட்டாள். அவள் தோள் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏறுங்க. நேரமாகுது," என்றாள்.

கேட் திறந்திருந்தது. சூப்பர்வைசர் வழியில் நின்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன டிரைவரே, இன்னைக்கு நேரத்துக்கே வந்துட்டீங்க."

மாமா சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. பின்னால் பெரியக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சூப்பர்வைசர் இன்னொரு தடவை கூப்பிட்டார்.

அக்கா தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, தலையை வெளியே நீட்டினாள்.

"கூப்பிட்டீங்களா?" என்றாள்.